பத்து கேரியர், ஒரே ரிசீவர்

(பாபநாசத்துல கல்லூரி மாணவர்கள் முன்னாடி நான் பேசினதோட பதிவு தான் இந்த எபிசோட். கேட்க நேரமில்லாதவங்களுக்காக எழுத்து வடிவம் இங்கே. சில இடங்களைச் சுருக்கியிருக்கேன், கேள்வி பதில்ல ரெண்டை மட்டும் வச்சிருக்கேன்.)

சென்னையில இருந்து கேட்கிறவங்களுக்கு முதல்ல ஒரு விளக்கம். இது கமல் படத்துல வந்த பாபநாசம் இல்லை, அது திருநெல்வேலிப் பக்கம். இது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல, குடமுருட்டி ஆத்துப் பக்கம் இருக்கிற பாபநாசம்.

இன்னைக்குத் தலைப்பு ரேடியோ ரிசீவர். பண்பலை கேட்கிற பெட்டியை மட்டும் சொல்லலை. செல்போன் டவர்ல உட்கார்ந்து நம்ம குரலைப் பிடிக்கிற ரிசீவரும் அதே ஜாதி தான். பல கேரியர் ஒரே நேரத்துல வரும்போது அந்த ரிசீவரை எப்படி எளிமையா செய்யறது? இது தான் கேள்வி. பாடப்புத்தகத்துல கேரியரை ஊர்தி அலைன்னு படிச்சிருப்பீங்க. நம்ம குரலையோ டேட்டாவையோ சுமந்துக்கிட்டு போற அலை. இந்தப் பேச்சு முழுக்க கேரியர்னே சொல்றேன்.

இது நமக்கு எதுக்குன்னு கேட்டா, கஜா புயலை நினைச்சுப் பாருங்க. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு. டெல்டா மாவட்டங்கள்ல லட்சத்துக்கும் மேல மின்கம்பம் சாஞ்சுது. பல ஊர்ல நாள் கணக்கா கரண்ட் இல்லை. டவர்ல பேட்டரி தீர்ந்ததும் சிக்னலும் போச்சு. சொந்தக்காரங்க உயிரோட இருக்காங்களான்னு கேட்க வழியில்லாம எத்தனையோ வீடு தவிச்சுது.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். 48 வோல்ட், 600 ஆம்பியர் அவர் பேட்டரி ஒண்ணு இருக்குன்னு வைங்க. அதுல 28.8 யூனிட் கரண்ட் இருக்கும். டவர் சாமான் எல்லாம் சேர்ந்து 3 கிலோவாட் இழுத்தா 10 மணி நேரத்துக்குள்ள காலி. 1 கிலோவாட் தான் இழுக்கும்னா ஒரு நாளைத் தாண்டி ஓடும். ரிசீவர் எளிமையா இருக்கிறதும் இல்லாததும், புயல் அடிச்ச மறுநாள் உங்க போன் பேசுமா பேசாதாங்கிறதுல வந்து நிக்குது.

ஒரு ஸ்டேஷன் மட்டும் போதும்னா

எளிமையான கேஸ்லேர்ந்து தொடங்குவோம். திருச்சி வானொலி, மீடியம் வேவ், 936 கிலோஹெர்ட்ஸ். இந்தப் பக்கத்து வீடுகள்ல வேளாண் நிகழ்ச்சி கேட்டு வளர்ந்த தலைமுறை இருக்கு. அந்தப் பெட்டிக்குள்ள என்ன நடக்குது?

ஆன்டெனாவுக்கு எல்லா ஸ்டேஷனும் ஒண்ணா வந்து சேரும், ஆத்துல எல்லாப் பக்கத்துத் தண்ணியும் வர்ற மாதிரி. அதுல ஒண்ணை மட்டும் பிரிக்கணும். ஸ்டேஷன் மாத்த மாத்த ஃபில்டரையும் துல்லியமா நகர்த்துறது கஷ்டமான வேலை. 1918ல எட்வின் ஆம்ஸ்ட்ராங் ஒரு வழி சொன்னார்: ஃபில்டரை நகர்த்தாதே, ஸ்டேஷனை ஃபில்டர் இருக்கிற இடத்துக்கு இழுத்துட்டு வா. பெட்டிக்குள்ளயே 1391 கிலோஹெர்ட்ஸ் அலை ஒண்ணை உண்டாக்கி, வர்ற 936ஓட மிக்சர்ல கலந்தா, வித்தியாசம் 455 வெளிய வரும். எந்த ஸ்டேஷன் வேணும்னாலும் அந்த உள் அலையை மட்டும் மாத்தினா போதும், ஃபில்டர் எப்பவும் 455லயே அசையாம நிக்கும். இது தான் சூப்பர்ஹெட்டரோடைன்.

இதுல ஒரு வில்லங்கமும் உண்டு. 1846லேர்ந்து 1391ஐக் கழிச்சாலும் 455 தான் வரும். அந்த 1846ல யாராவது ஒலிபரப்பினா அதுவும் உள்ள புகுந்துடும். அதைத் தடுக்க முன்னாடியே இன்னொரு ஃபில்டர் வைக்கணும். அது சுமாரான ஃபில்டரா இருந்தாலும் போதும். கவனிங்க, இங்க கஷ்டம் காணாமப் போகலை. நகர்ற துல்லிய ஃபில்டர்ங்கிற பெரிய கஷ்டம், முன்னாடி ஒரு சுமாரான ஃபில்டர்ங்கிற சின்ன கஷ்டமா இடம் மாறிச்சு. எளிமைன்னு நான் சொல்றது எல்லாமே இந்த இடமாற்றம் தான். இதை மனசுல வச்சுக்கோங்க.

கூட்டம் வந்தா

இப்ப டவருக்கு வருவோம். வீட்டு ரேடியோவுக்கு ஒரு நேரத்துல ஒரு ஸ்டேஷன் போதும். டவருக்கு அப்படி இல்லை, எல்லாரையும் ஒரே நேரத்துல கேட்கணும்.

2ஜி, அதாவது ஜி.எஸ்.எம்., ஒரு கேரியருக்கு 200 கிலோஹெர்ட்ஸ் ஒதுக்கும். ஒரு கேரியர்ல 8 பேர் மாத்தி மாத்திப் பேசலாம். அந்தக் காலத்து வழக்கம் என்னன்னா கேரியருக்கு ஒரு தனி ரேடியோ. மூணு பக்கம் பார்க்கிற டவர், பக்கத்துக்கு நாலு கேரியர்னா மொத்தம் 12 ரேடியோ. ஒவ்வொண்ணுக்கும் தனி மிக்சர், தனி ஃபில்டர், தனி ஆம்ப்ளிஃபயர். எல்லாத்தையும் ஒரு ரூம்ல அடுக்கணும். சூடாகும், அதனால ஏ.சி. போடணும். கரண்ட் போகும், அதனால டீசல் ஜெனரேட்டர் வைக்கணும். ஏ.சி.க்கு இழுக்கிற கரண்ட்ல ஒரு சொட்டு கூட உங்க குரலுக்குப் போகாது.

சென்னையில இதுக்குக் கட்டுப்படியாகும். சுத்துப்பட்டு கிராமத்துல ஆகாது. 1990கள்ல லேண்ட்லைன் நிலைமையும் இதே தான். ஒரு புது இணைப்பு கொடுக்க 30,000 ரூபாய்க்கு மேல செலவு. செலவு அப்படி இருந்தா மாச வாடகையும் அப்படித் தான் இருக்கும்.

ஐஐடி மெட்ராஸ் எடுத்த முடிவு

அப்ப ஐஐடி மெட்ராஸ்ல டெனெட்னு ஒரு குழு. அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, திமோதி கொன்சால்வஸ் எல்லாம் அதுல இருந்தாங்க. ராமமூர்த்தி பின்னாடி அதே ஐஐடிக்கு இயக்குநர் ஆனவர். அவங்க வச்ச இலக்கு, ஒரு இணைப்புக்கு 10,000 ரூபாய். மைடாஸ் கம்யூனிகேஷன்ங்கிற சென்னை கம்பெனியோட சேர்ந்து அவங்க உருவாக்கினது தான் கார்டெக்ட். வீட்டுக்கு வர்ற கடைசி தூரத்துக்குச் செம்புக் கம்பி வேண்டாம், ரேடியோ போதும்ங்கிற ஏற்பாடு.

அடிப்படை டெக்ட். ஐரோப்பாவுல வீட்டுக்குள்ள கம்பியில்லா போனுக்காக எழுதின தரநிலை அது. 1880லேர்ந்து 1900 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் 10 கேரியர். நேரத்தையும் துண்டு போடும்: 10 மில்லிவினாடியை 24 துண்டாக்கும். 12 துண்டு டவர்லேர்ந்து வீட்டுக்கு, 12 துண்டு வீட்லேர்ந்து டவருக்கு. 10 கேரியர், 12 ஜோடி, ஆக மொத்தம் 120 வழி.

பத்து கேரியருக்கு எத்தனை ரிசீவர் வேணும்? ஜி.எஸ்.எம். பழக்கத்துல யோசிச்சா பத்து. கார்டெக்ட் பேஸ் ஸ்டேஷன்ல ஒரே ஒரு ரேடியோ தான். முதல் துண்டுல மூணாம் கேரியரைக் கேட்கும், அடுத்த துண்டுல ஏழாம் கேரியருக்குத் தாவும், அதுக்கடுத்து ரெண்டு. ஒரே வாத்தியார் வரிசையா ஒவ்வொரு பெஞ்சுக்கும் போய் நோட்டைப் பார்க்கிற மாதிரி. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவுல கிடைக்கிற இடைவெளி சுமார் 50 மைக்ரோவினாடி. அதுக்குள்ள உள் அலை புது அதிர்வெண்ணுக்குப் போய் நிலையா நிக்கணும். பத்து ரிசீவர் செய்யற கஷ்டம், வேகமா தாவி நிக்கிற ஒரு ஆசிலேட்டர் செய்யற கஷ்டமா இடம் மாறிடுச்சு.

இன்னும் ரெண்டு விஷயம் இதோட கூடவே ஓசியில வந்துச்சு.

ஒண்ணு, அனுப்புறதும் வாங்குறதும் வேற வேற நேரத்துல நடக்குது. ஜி.எஸ்.எம்.ல ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும். அதனால தன் சத்தமே தன் காதுல விழாம இருக்க டியூப்ளெக்சர்னு கனமான, விலை கூடின ஃபில்டர் வேணும். இங்க ஒரு சாதாரண ஸ்விட்ச் போதும்.

ரெண்டு, எந்த அழைப்பு எந்தக் கேரியர்ல போகணும்னு யாரும் முன்கூட்டியே திட்டம் போட வேண்டாம். கருவியே எல்லா வழியையும் கேட்டுப் பார்த்து, எது அமைதியா இருக்கோ அதைப் பிடிச்சுக்கும். பக்கத்து ஊர்ல புதுசா ஒரு பேஸ் ஸ்டேஷன் வந்தா இது தானா விலகிக்கும். கிராமத்துக்கு ஒரு அதிர்வெண் நிபுணரை அனுப்ப வேண்டியதில்லை.

இதெல்லாம் சேர்ந்து அந்த பேஸ் ஸ்டேஷன் சில வாட்ல ஓடுச்சு. ஏ.சி. வேண்டாம், அது பக்கத்துல கரண்ட் கூட வேண்டாம். எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து வர்ற அதே செம்புக் கம்பி வழியா மின்சாரத்தையும் அனுப்பிட்டாங்க. நேர்ப்பார்வை இருந்தா 10 கிலோமீட்டர், நடுவுல ஒரு ரிலே வச்சா 25 கிலோமீட்டர். போன் பேசிக்கிட்டே 35 கிலோபிட் வேகத்துல இணையம், பேசலைன்னா 70 கிலோபிட்.

சரி, எதை விட்டுக் கொடுத்தாங்க? ஒரு ரேடியோ ஒரு நொடியில ஒரு கேரியரைத் தான் கேட்கும். அதனால 120 வழி காத்துல இருந்தாலும், ஒரு பெட்டிக்கு ஒரே நேரத்துல 12 அழைப்பு தான். இது குறைச்சலா? பரபரப்பான மணி நேரத்துல ஒரு வீடு 6 நிமிஷம் பேசும்னு வைங்க. எர்லாங் சூத்திரம் போட்டா, 12 வழியை வச்சு சுமார் 58 வீட்டுக்குச் சேவை கொடுக்கலாம். நூறு அழைப்புல ஒண்ணு தான் கிடைக்காமப் போகும். ஒரு தெருவுக்கு இது தாராளம். வீடு கூடினா பக்கத்துலயே இன்னொரு பெட்டி மாட்டிக்கலாம், முன்னாடியே பெருசா வாங்கிப் போட வேண்டாம்.

மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்கள்ல 2000களோட தொடக்கத்துல இதை வச்சு இணைய மையங்கள் நடந்துச்சு. அந்த மையத்துல கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டாங்க. ஒரு ரிசீவரை எளிமையாக்கினதால ஒரு பாட்டிக்கு பஸ் செலவு மிச்சம்னு புரிஞ்சுக்கலாம்.

எல்லாத்தையும் அள்ளிட்டு வந்து அப்புறம் பிரி

இது வரைக்கும் ரெண்டு வழி பார்த்தோம்: ஆளுக்கு ஒரு ரேடியோ, இல்லைன்னா ஒரு ரேடியோ முறை வச்சுக் கேட்கிறது. மூணாவது வழி தான் இன்னைக்கு ஜெயிச்சது. மொத்த அலைவரிசையையும் அப்படியே உள்ள இழு, எண்ணா மாத்து, மிச்சத்தை கம்ப்யூட்டர்கிட்ட விடு. ஜோசப் மிட்டோலா 1990களோட தொடக்கத்துல இதுக்கு சாஃப்ட்வேர் ரேடியோன்னு பேர் வச்சார். 2004ல வானு போஸோட கம்பெனி செஞ்ச ஜி.எஸ்.எம். பேஸ் ஸ்டேஷனுக்கு அமெரிக்க எஃப்.சி.சி. அனுமதி கொடுத்துச்சு. அங்க சாஃப்ட்வேர் ரேடியோவுக்குக் கிடைச்ச முதல் அனுமதி அது தான். இவர் ஸ்பீக்கர் புகழ் அமர் போஸோட மகன்.

கேட்க ஜோரா இருக்கு. அப்ப ஏன் முதல்லயே இதைச் செய்யலை? இங்க தான் கஷ்டம் வேற இடத்துல போய் உட்காருது.

நம்ம ஊர் நெல் கொள்முதல் நிலையத்துத் தராசை நினைச்சுக்கோங்க. 40 கிலோ மூட்டை ஏத்துறதுக்குன்னே இருக்கு. அதே தராசுல, மூட்டை மேல ஒரு மூக்குத்தியை வச்சு மூக்குத்தியோட எடை மட்டும் சொல்லுன்னா? அது தான் அனலாக்லேர்ந்து டிஜிட்டலுக்கு மாத்துற சிப்போட பாடு. ஜி.எஸ்.எம். 900 தரநிலை பேஸ் ஸ்டேஷனுக்கு ஒரு பரீட்சை வைக்குது: 3 மெகாஹெர்ட்ஸ் தள்ளி மைனஸ் 13 டி.பி.எம். பலத்துல ஒரு சிக்னல் கத்திட்டு இருக்கும், நீ மைனஸ் 101ல முணுமுணுக்கிறவரைக் கேட்கணும். ரெண்டுக்கும் 88 டெசிபல் வித்தியாசம். பவர் கணக்குல சுமார் 63 கோடி மடங்கு, வோல்டேஜ் கணக்குல 25,000 மடங்கு. 14 பிட் சிப்புக்கு மொத்தமே 16,384 படி தான். பெரியவர் வழிஞ்சு போகாம அளவு வச்சா, சின்னவர் ஒரு படிக்கும் கீழ மறைஞ்சுடுவார். வேகமா நிறைய மாதிரி எடுத்து ஃபில்டர் பண்ணினா கொஞ்சம் மீட்கலாம். ஆனா சிப்பு உசத்தியா இருக்கணும், மின்சாரமும் கூட வேணும்.

தனித்தனி ரேடியோ இருந்தப்ப இந்தத் தலைவலி இல்லை. ஒவ்வொரு ரேடியோவும் தன் வாசல்லயே ஃபில்டர் போட்டு மத்தவங்களை வெளிய நிறுத்திடும். வாசலைத் திறந்து வச்சா எல்லாரும் வருவாங்க. சிப்புகள் நல்லா வர்ற வரைக்கும் மூணாவது வழி காத்திருந்ததுக்குக் காரணம் இது தான்.

உள்ள வந்தப்புறம் பிரிக்கிறது மட்டும் ரொம்ப அழகு. சாஃப்ட்வேர் படிக்கிறவங்க இங்க காதைக் கொடுங்க. 64 கேரியர் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு டிஜிட்டல் மிக்சரும் ஃபில்டரும் எழுதினா வேலை 64 மடங்கு. ஆனா கேரியர் எல்லாம் சம இடைவெளியில இருந்தா, ஒரே ஃபில்டரைத் துண்டு போட்டு, பின்னால ஒரு எஃப்.எஃப்.டி. வச்சா 64ம் ஒண்ணாப் பிரிஞ்சு வரும். நேரடியாப் போட்டா 64 பெருக்கல் 64, அதாவது 4,096 அளவுக்கு வேலை. எஃப்.எஃப்.டி.ல 64 பெருக்கல் 6, அதாவது 384 அளவு தான். சம இடைவெளிங்கிற ஒரு ஒழுங்கு இருந்ததால கிடைச்ச லாபம் இது.

4ஜி அந்த ஒழுங்கைத் தரநிலையிலயே எழுதி வச்சுடுச்சு. 20 மெகாஹெர்ட்ஸ்ல 1,200 குட்டி கேரியர், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல சரியா 15 கிலோஹெர்ட்ஸ். உங்க பாக்கெட்ல இருக்கிற போன் வினாடிக்கு 14,000 தடவை எஃப்.எஃப்.டி. போட்டு 1,200 பேரையும் பிரிக்குது. 1,200 ரிசீவர் எங்கயும் இல்லை. அனுப்புறவர் ஒழுங்கா அனுப்பினா வாங்குறவர் வேலை சுலபம்ங்கிறது தான் ஓ.எஃப்.டி.எம்.

எனக்கு இதுல பிடிச்ச பாடம் இது தான். ஒரு டிசைன் எளிமையா இருக்கான்னு கேட்கிறதுக்கு முன்னாடி, கஷ்டத்தை எங்க தள்ளியிருக்காங்க, அந்த இடத்துல அது மலிவான்னு கேளுங்க. 1990கள்ல கணக்குப் போடுற சிப்பும் நல்ல மாற்றி சிப்பும் விலை ஜாஸ்தி, அதனால கார்டெக்ட் கஷ்டத்தை நேரத்துக்குள்ள தள்ளுச்சு. இன்னைக்கு கணக்கு மலிவு, அதனால சாஃப்ட்வேருக்குள்ள தள்ளுறோம். ரெண்டும் சரி தான். கிராமத்துல கரண்ட் இருக்கும், ஏ.சி. இருக்கும், நிபுணர் வருவார்னு நினைச்சு டிசைன் பண்றது தான் தப்பு. அப்ப கஷ்டம் கிராமத்து ஜனங்க தலையில போய் விழும்.

கேள்வி நேரம்

"அண்ணா, கார்டெக்ட் அவ்வளவு நல்லதுன்னா இப்ப ஏன் யாருமே பேர் சொல்றதில்லை?"

நியாயமான கேள்வி தம்பி. அது இந்தியாவுலயும் வெளிநாடுகள்லயும் ஓடுச்சு. ஆனா அது வீட்டுச் சுவத்துல மாட்டின போன், கையில எடுத்துட்டு வயலுக்குப் போக முடியாது. அதுக்குள்ள ஜி.எஸ்.எம். சிப்பு உலகம் முழுக்கக் கோடிக்கணக்குல அடிச்சதால விலை தரையைத் தொட்டுடுச்சு. ஒரு பொருளை மலிவாக்க ரெண்டு வழி: ஒண்ணு புத்திசாலித்தனமா டிசைன் பண்றது, இன்னொண்ணு எக்கச்சக்கமா செய்யறது. ரெண்டாவது வழி வந்தா முதல் வழி பல நேரம் தோத்துடும். ஆனா அங்க வேலை கத்துக்கிட்டவங்க எங்கயும் போயிடலை. 2022 மே மாசம் பிரதமர் தொடங்கி வச்ச 5ஜி சோதனைக்களத்தை பல நிறுவனங்களைச் சேர்த்து முன்னின்று நடத்தினது அதே ஐஐடி மெட்ராஸ் தான்.

"நாங்க எங்க ஆரம்பிக்கிறது அண்ணா? லேப்ல இருக்கிற கருவியைத் தொடவே விட மாட்டேங்கிறாங்க."

லேப் வேண்டாம்மா. டிவி பார்க்கிறதுக்குன்னு வந்த ஒரு யு.எஸ்.பி. குச்சி இருக்கு, ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர்.னு தேடினா கிடைக்கும். காத்துல இருக்கிறதை அப்படியே எண்ணா கொடுக்கும்னு 2012ல கண்டுபிடிச்சாங்க. ஒரு நேரத்துல சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அள்ளும். இப்ப ஒரு கணக்கு பாருங்க. கொடைக்கானல் பண்பலை 100.5, திருச்சி ரெயின்போ 102.1. நடுவுல 1.6 தான். குச்சியை 101.3ல வச்சா ரெண்டும் ஒரே ஜன்னல்ல வந்துடும். ரெண்டையும் ஒரே நேரத்துல பிரிச்சு, ஒண்ணை இடது காதுலயும் இன்னொண்ணை வலது காதுலயும் கேட்கிற மாதிரி பைத்தான்ல எழுதுங்க. நூறு வரி கூட வராது. அது தான் உங்க முதல் பல கேரியர் ரிசீவர்.

எழுதினதும் ஆம்ப்ளிஃபயர் அளவை ஏத்தி இறக்கிப் பாருங்க. அந்தக் குச்சிக்கு 8 பிட் தான், 256 படி. இங்க திருச்சி கிட்ட இருக்கு, கொடை தூரம். கொடையை நல்லா கேட்கலாம்னு அளவை ஏத்திக்கிட்டே போனா, ஒரு இடத்துல திருச்சி வழிஞ்சு ரெண்டுமே கெட்டுப் போகும். மூட்டையும் மூக்குத்தியும்னு சொன்னேனே, அதை உங்க காதாலயே கேட்பீங்க. சரியான அளவு எதுன்னு கண்டுபிடிச்சு, உங்க கோடையும் சேர்த்து எனக்கு அனுப்புங்க. நல்லா வந்ததை அடுத்த எபிசோட்ல போட்டுக் காட்டுறேன்.